விருந்தாளியிடம் கொடுத்தனுப்பும் பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பூச்சி எழுதுவது. இங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், யாருக்கும் காய்ச்சல் இல்லை. நலம் என்று எழுதுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். உன் நலத்தை நீ அனுப்பும் படங்களில் பார்த்துக்கொள்கிறோம். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். அங்கே பயிற்சி மையத்தில் இன்னும் ஒரு வருடம் இருந்து படிக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா, இல்லை இந்தப் பரிமாற்றத் திட்டம் முடிந்ததும் குழுவோடு திரும்பி வரட்டுமா என்று. “அம்மா அப்பாகிட்ட கேக்கல, உன்கிட்டதான் கேக்கறேன். நீ வேணாம்னா நான் வந்துடறேன் பூச்சி” என்றாய். நான் “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கத்தும் என்பது உனக்குத் தெரியும். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் உனக்குப் பதிலாக இங்கே வந்து தங்கியிருக்கும் விருந்தாளி. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிக்குக் கண் தெரியாதுதான், ஆனால் அவள் காது கொடுப்பது மற்றவர்கள் முறைப்பதைவிட மோசம்.

அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அவள் ஊருக்குக் கிளம்புகிறாள். அவள் வீட்டில்தானே நீ இருக்கிறாய். அங்கே நிறைவுக் கூட்டம் முடிந்த பிறகுதான் உங்கள் குழு கிளம்பும் என்பதால் இது உனக்கு நேரத்தில் கிடைத்துவிடும். அவளிடம் கொடுத்தால் வழியில் யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள், அவளாலும் முடியாது. இதை அவளிடமே சொன்னேன். “மிகவும் பாதுகாப்பான தபால்காரி நான்” என்றாள்.

நான் வேலைக்குப் போவதை அம்மா சொல்லியிருப்பாள். சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் சலவைக் கூடத்தில்தான். ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உருளையில் விட்டுச் சூடாக்கி, மடித்து அனுப்புகிறோம். என் வேலை ஈர மூட்டையை இயந்திரத்திலிருந்து எடுத்து உருளைக்குக் கொண்டுபோவது, பிறகு மடிப்பில் கை கொடுப்பது. முதல் நாள் ஒரு மூட்டையை இடுப்பில் சாய்த்து, முழங்காலை மடக்கித் தூக்கினேன். முதலாளி வாயைப் பிளந்து, “ஈர்க்குச்சி மாதிரி இருந்துக்கிட்டு பயில்வான் வேலை பண்றியேம்மா, எங்க கத்துக்கிட்ட?” என்று கேட்டார். உன்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் தூக்கித் தூக்கி வந்த பழக்கம். ஈரத் துணி பேசாது, “மெதுவாடி எருமை” என்று திட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னோடு விரிப்பு மடிக்கும் அக்காவுக்கு வானொலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிறுத்த முடியாது. நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, “உனக்கு நாக்கு இருக்கா, இல்ல அதையும் துவைக்கப் போட்டுட்டியா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நீ போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. அம்மா அழுதாள், மாடி வீட்டு அத்தை அழுதாள், அப்பா வேன் டிரைவரிடம் தேவையில்லாமல் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உன் துணைக்கு வந்த வேறொரு பெண் உன்னைத் தூக்கி வேனில் உட்காரவைத்தாள். கதவைச் சாத்தினார்கள். நான் உள்ளே வந்து உன் போர்வையை மடித்தேன். மறுநாள் காலையில் எழுந்து வெந்நீர் வைத்து, வாளியில் விளாவி, குளியலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்து “யாருக்குடி வெந்நீர்?” என்றாள். அந்த நீரில் நானே குளித்தேன். அதற்குப் பிறகும் சில நாள் அப்படியே நடந்தது. கை தானாக எழுந்து வேலைக்குக் கிளம்பிவிடும், நான் பின்னால் போவேன்.

“பாவம், ஏங்கிப் போயிட்டா” என்று மாடி வீட்டு அத்தை சொல்கிறாள். ஏக்கம் மாதிரித் தெரியவில்லை. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் கை மரத்துப்போகுமே, கிள்ளினால் யாரையோ கிள்ளுவது போலிருக்குமே, அது மாதிரி இருக்கிறது. மரத்துப்போவதைப் பற்றி என்கிட்டயா கதை விடறே என்று சிரிக்காதே.

விருந்தாளியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் பெயரை அப்பா மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார், மூன்றுக்கும் அவள் திரும்பவில்லை. அதிலிருந்து விருந்தாளி என்றே ஆகிவிட்டது. நம் மொழியை ஒலிப்பதிவு கேட்டுக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். செய்தி வாசிப்பது போலவே பேசுவாள். வந்த அன்று அம்மாவைக் கும்பிட்டு, “அம்மையார் அவர்களே, தங்கள் இல்லத்துக்கு வந்ததில் மகிழ்ச்சி” என்றாள். அம்மா கூச்சத்தில் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்கப்பா கூட என்னை அவர்களேன்னு சொன்னதில்லடி” என்று என்னிடம் சொன்னாள். அப்பா அதைக் கேட்டுவிட்டு, அன்று முழுவதும் “அம்மையார் அவர்களே, காபி கிடைக்குமா?” என்று வம்பு பண்ணினார்.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மா உன்னிடம் போனில் சொல்லவில்லை. வெட்கம்.

திட்டத்துக்காரர்கள் நம் வீட்டைத் தேர்ந்தெடுத்ததே, ‘மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற வீடு’ என்றுதான். அம்மாவுக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். அறைக் கதவுகளைக் கழற்றியாயிற்று, நிலைப்படியைச் செதுக்கிச் சிமெண்ட் பூசியாயிற்று, வாசலில் சாய்தளம், நடுவில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது, எல்லாம் சுவரோடு சுவராக. உன் சக்கர நாற்காலி எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். அந்த வீட்டின் நடுவில் விருந்தாளியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அவள் தடியை இந்தப் பக்கம் தட்டினாள், அந்தப் பக்கம் தட்டினாள். ஒன்றும் இல்லை. பிடித்துக்கொண்டு போக மேசை விளிம்பு இல்லை, அறை மாறுகிறது என்று காட்ட வாசற்படி இல்லை, கதவு இல்லை. மைதானத்தில் விட்ட மாதிரி நின்றாள். “சுவர் எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். “நாலு பக்கமும் இருக்கும்மா” என்றார் அப்பா. பாவம், அவர் உதவியாகத்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் வெளியே கிளம்பியவள், படி இருக்கும் என்று நினைத்துக் காலைத் தூக்கிச் சாய்தளத்தில் வைத்ததில் கணுக்கால் பிசகிவிட்டது. அம்மா சுளுக்குத் தைலம் தடவிக்கொண்டே அழுதாள். “என் பொண்ணுக்கு ஒரு கீறல் படாம வளர்த்த வீடு இது. இந்த வீட்டுக்கு என்ன குறை?” என்று என்னிடம் கேட்டாள். வீட்டுக்குக் குறை இல்லை. அது உனக்காகச் செய்த வீடு. ஊனம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். உன்னோடு இத்தனை வருடம் இருந்துவிட்டு இப்படி நினைத்தோம்.

பிறகு விருந்தாளி சொல்லச் சொல்லச் சாமான்களை நகர்த்தினோம். கூடத்தின் குறுக்கே நாற்காலிகளைப் பேருந்து இருக்கை மாதிரி வரிசையாகப் போட்டோம். உன் கட்டிலைத் திருப்பி, சமையலறை வரை அவள் கை பட்டுக்கொண்டே போகும்படி வைத்தோம். சாய்தளம் தொடங்கும் இடத்தில் அப்பா ஒரு சாக்கை மடித்து ஆணி அடித்தார், காலுக்குத் தெரிவதற்காக. இப்போது அவள் தடி இல்லாமலே நடக்கிறாள், அடுப்பில் பால் வைக்கிறாள். ஆனால் மாலையில் நான் வேலையிலிருந்து வரும்போது பார்த்தால், அம்மா எல்லா நாற்காலியையும் பழையபடி சுவரோரம் தள்ளியிருப்பாள். கேட்டால், “கூட்டறதுக்குத் தள்ளினேன்” என்பாள். கூட்டுவது காலையில். விருந்தாளி ஒவ்வொன்றாகத் தடவி இழுத்துப் போட்டுக்கொள்வாள். மறுநாள் அம்மா மறுபடி தள்ளுவாள். நாற்காலி வரிசை இருந்தால் உன் வண்டி போகாது, அதுதான் அம்மாவுக்கு. நீ நாளைக்கே வந்துவிடப்போவது போல.

இங்கே நிறுத்திவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன். இப்போது மதிய இடைவேளை, துணி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். வானொலி அக்கா எட்டிப் பார்த்து, “யாருக்குடி லவ் லெட்டர்?” என்றாள். அக்காவுக்கு என்றேன். “அக்காவுக்கா இவ்ளோ பக்கம்? வாயில வராததெல்லாம் விரல் வழியா ஒழுகுது பாரு” என்றாள். எட்டிப் படித்துவிடுவாள் என்று கொஞ்ச நேரம் வெறும் கணக்கு எழுதுவது போல நடித்தேன்.

விருந்தாளியின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவள் எழுந்தால் நான் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். தட்டில் எல்லாவற்றையும் பிசைந்து வைப்பேன். தலை சீவக்கூடப் போனேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள், “நீங்கள் என் கையைப் பிடிக்க வேண்டாம். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்” என்றாள். என் முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்து, அரை அடி பின்னால் நின்றாள். நான் நடந்தால் அவள் நடப்பாள், நின்றால் நிற்பாள். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. எனக்கு எப்படி நடப்பது என்றே தெரியாமல் போய்விட்டது. என் கை சும்மா இருந்தது. என்னை ஒருவர் பிடித்துக்கொண்டு வருவது எனக்குப் பழக்கமில்லை. கடைத்தெரு போய் வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள்தான், “பயப்படாதீர்கள், நான் விழமாட்டேன்” என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் இதைத் தொடாமல் வைத்திருந்தேன்.

போன மாதம் நகர மன்றத்தில் திட்டத்தின் கூட்டம் நடந்தது. எல்லா வீட்டு விருந்தாளிகளும் வந்திருந்தார்கள். தாங்குகட்டையோடு ஒரு பெண் வந்திருந்தாள், அவளுக்குத் துணையாக அவளுடைய சொந்தத் தங்கை. என் வயதுதான் இருக்கும். தாங்குகட்டையை வாங்கி ஓரமாக வைப்பதும் தண்ணீர் பிடித்து வருவதுமாக இருந்தாள். எனக்குப் புரியவில்லை. வீட்டு ஆள் துணைக்கு வரக்கூடாது, அது விதி என்றுதானே நீ சொன்னாய். ஒருங்கிணைப்பாளர் மேடத்திடம் நானே போய்க் கேட்டேன். நானாகப் போய் ஒருவரிடம் பேசினேன் என்றால் நீ நம்பமாட்டாய். அவர், “அப்படி விதியெல்லாம் இல்லையேம்மா, உங்கக்காதான் வேற ஆள் வேணும்னு எழுதிக் குடுத்தாங்க” என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். “பிஸ்கட் எடுத்துக்கோ” என்றார். எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது விருந்தாளி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், “உங்கள் கை கல் போல் இருக்கிறது” என்றாள். குளிர் என்றேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கோபமா என்று நீ யோசிப்பாய். தேடிப் பார்த்தேன், கோபம் இல்லை. அழுகையும் இல்லை. அன்று சாயங்காலம் வானொலி அக்காவோடு நின்று வழக்கத்தைவிட அதிக விரிப்பு மடித்தேன், அவளே “மெதுவா மடி, யாரும் துரத்தல” என்றாள். ஏன் அப்படி எழுதிக் கொடுத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. நீ கடையில் எதையாவது வேண்டும் என்று கை நீட்டுவதற்குள் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். டாக்டர் உன்னிடம் எங்கே வலிக்குது என்று கேட்டால் நான் பதில் சொல்வேன். வெளியில் வாயே திறக்காதவள், உனக்கு மட்டும் வாயாக இருந்தேன். நீ எப்போது என்னிடம் கொஞ்சம் தள்ளி நில்லு என்று சொல்லியிருக்க முடியும்? அதைச் சொல்லவும் நான் இடம் விட்டிருக்கமாட்டேன். இப்படித்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். வேறு காரணம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டாம்.

நீ அனுப்பிய படம் ஒன்றில் தனியாகப் பேருந்தில் ஏறுகிறாய். சாய்பலகை தானாக இறங்குகிறது, நீ விசையை அழுத்திக்கொண்டு மேலே போகிறாய், பின்னால் யாரும் தள்ளவில்லை. அம்மா அந்தப் படத்தை மாடி வீட்டு அத்தை, பால்காரர், கேஸ் கொண்டுவருகிறவர் எல்லோருக்கும் காட்டிவிட்டாள். ஆனால் உன் பின்னால் காலியாக இருக்கும் இடத்தை விரலால் தொட்டு, “இங்க யாருமே இல்லையே, சரிஞ்சுட்டா?” என்றாள். நானும் அந்த இடத்தைத்தான் பார்த்தேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

அம்மா என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டாள். “ஒரு வருஷம்னுதான் சொல்வாங்க, அப்புறம் இன்னொரு வருஷம்பாங்க. நீ வேணாம்னு ஒரு வார்த்தை எழுது. அவ யார் பேச்சையும் கேக்கமாட்டா, உன் பேச்சைக் கேப்பா.” அப்பாவைக் கேட்டால், “அவ வாழ்க்கை, அவ முடிவு” என்கிறார். சொல்லிவிட்டு வாசலில் போய், நன்றாக இருக்கிற சாய்தளத்தை மறுபடி பூசுகிறார். அம்மா உன்னை வரச் சொல்கிறாள். அதை அவளுக்காக இங்கே எழுதிவிட்டேன்.

நான் சொல்வது வேறு. முதலில், நீ இதை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. நீ வேணாம்னா வந்துடறேன் என்றாய். நீ வந்தாலும் அது என்னால், வராவிட்டாலும் என்னால் என்று ஆகிறது. உன்னை எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறேன், இப்படிக் கனத்ததில்லை. துணைக்கு யார் வர வேண்டும் என்று என்னைக் கேட்காமல் முடிவு செய்தாயே, அப்படியே இதையும் செய்திருக்கலாம். திட்டவில்லை. அதுதான் சரியாக இருந்தது என்கிறேன்.

ஆனாலும் கேட்டுவிட்டாய். வேணாம் என்று என்னால் சொல்ல முடியும். அந்த வார்த்தை தினமும் காலையில் வெந்நீர் வைக்கும் நேரத்துக்கு வாயில் வந்து நிற்கிறது. சொன்னால் நீ வந்துவிடுவாய் என்பதும் தெரியும். வந்து, முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு, நான் எடுத்துக் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்வாய். அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேண்டாம் அக்கா. நீ அங்கேயே இருந்து படி. ஒரு வருடம் என்றால் ஒரு வருடம், இன்னொன்று என்றால் இன்னொன்று. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். எப்படிப் பேசுவேன் என்று தெரியவில்லை, பேசுகிறேன்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காதே. முதலாளி மடிப்புப் பகுதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். ஒருங்கிணைப்பாளர் மேடம், பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதலாம், புத்தகம் தருகிறேன் என்றார். பிஸ்கட் கொடுத்த மாதிரித்தான் அதையும் சொன்னார், ஆனால் புத்தகம் உண்மையாகவே வந்து சேர்ந்துவிட்டது. மேசை மேல் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. எதிலும் மனம் ஓடவில்லை, துக்கமாகவும் இல்லை. கை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது. நீ இதை நினைத்து உட்கார்ந்துவிடாதே.

உன்னிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அங்கே உன்னைத் தூக்குகிறவர்களிடம், இடது தோளுக்குக் கீழே கை கொடுக்க வேண்டாம் என்று சொல். சின்ன வயதில் விழுந்த இடம், அங்கே அழுத்தினால் உனக்கு உயிர் போகும். நீ சொல்லமாட்டாய், பல்லைக் கடித்துக்கொண்டு ‘பரவாயில்லை’ என்பாய், அவர்களும் நம்பிவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் கை போட்டு, முதலில் உன்னை அவர்கள் பக்கம் சாய்த்துக்கொண்டு, நீ மூச்சை விட்ட பிறகு தூக்க வேண்டும். மூச்சை உள்ளே இழுத்திருக்கும்போது தூக்கக் கூடாது. இதை யாருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை, நீதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து சொல், அக்கா. புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே சொல்லிவிடு.

நன்றாக இரு.

உன்
பூச்சி